ஓர் அட்டை, மூன்று புரோட்டோகால், 640 கேபி

1998 நவம்பர் 4 அன்று ஆந்திர அரசு 214 சார்பதிவாளர் அலுவலகங்களில் பத்திரப்பதிவைக் கணினிக்கு மாற்றியது. 'கார்ட்' என்ற இந்தத் திட்டத்துக்கு ஆன செலவு 13 கோடி ரூபாய். அலுவலகத்துக்குச் சராசரியாக 6.07 லட்சம். அதே காலத்தில்தான் தலைமைச் செயலகத்தை 25 மையங்களோடு 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைக்க ஆப்ஸ்வான் வலையமைப்பும் உருவானது. ரூபாய்க் கணக்கு இவ்வளவுதான். சித்தூரிலோ திருப்பதியிலோ கணக்குப் பிரிவு மேசையில் ஏற்கெனவே இருந்த பழைய கணினிக்கு இன்னொரு கணக்கு உண்டு. அதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை.

அந்தக் கணினி உள்ளறை நாவெல் சர்வரோடு ஐபிஎக்ஸ் என்ற புரோட்டோகாலில் பேச வேண்டியிருந்தது. வெளி உலகத்தோடு டிசிபி/ஐபியில் பேச வேண்டியிருந்தது. இதற்கு இரண்டாவது நெட்வொர்க் அட்டை தேவையில்லை, இரண்டாவது கேபிளும் தேவையில்லை. ஒவ்வொரு ஈதர்நெட் சட்டகத்தின் தலைப்பிலும் 2 பைட் வகை எண்ணை எழுதினால் போதும்: 0800 என்றால் ஐபி, 8137 என்றால் ஐபிஎக்ஸ். வந்ததைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிற வேலை எல்எஸ்எல் என்ற குட்டி நிரலுடையது.

செலவு நினைவகத்தில்தான். டாஸ் நிரல்களுக்கு மொத்தமே 640 கேபி. எல்எஸ்எல் சுமார் 5, அட்டையின் டிரைவர் அதே அளவு, ஐபிஎக்ஸ் சுமார் 16, நாவெல் சர்வரை அணுக உதவும் நெட்எக்ஸ் சுமார் 44. ஆக 70 கேபி போனது. ஒன்பதில் ஒரு பங்கு. அதற்கு மேல் டிசிபி/ஐபி இன்னும் இருபது முப்பது கேபி கேட்கும். 386 ஆக இருந்தால் இஎம்எம்386 என்ற நினைவக நிரலைப் போட்டு, 640-க்கு மேலே உள்ள காலி இடங்களில் சிலவற்றை ஏற்றிவிடலாம். 286-இல் அந்த வழி கிடையாது. அங்கே ஃபாக்ஸ்ப்ரோ தரவுத்தள நிரல் ஓட வேண்டுமானால் ஏதாவது ஒரு புரோட்டோகாலைக் கைவிட வேண்டும். ஆறு லட்சத்தில் அலுவலகமே கணினிமயமான காலத்தில் முப்பது கேபிக்காக ஒரு மேசை வலையமைப்புக்கு வெளியே நின்றது எனக்கு இன்றும் பொறுக்காத விஷயம்.

1995 ஆகஸ்ட் 24-இல் வந்த விண்டோஸ் 95, 386 கணினிகளில் இந்த நெருக்கடியைத் தீர்த்தது. ஐபிஎக்ஸ், நெட்பியூயி, டிசிபி/ஐபி மூன்றும் அதற்குள்ளேயே இருந்தன; மூன்றும் 640-க்கு வெளியே ஏறின. குறைந்தபட்சத் தேவை 386டிஎக்ஸ், 4 எம்பி. ஆனால் செலவு இடம் மாறியதே தவிர, ஒழியவில்லை. கோப்புப் பகிர்வு போட்ட விண்டோஸ் கணினி, தான் இருப்பதை 12 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அறிவிக்கும், அதுவும் ஒவ்வொரு புரோட்டோகாலிலும் தனித்தனியாக. 8 மணி நேர வேலை நாளில் ஒரு புரோட்டோகாலுக்கு 40 அறிவிப்பு, மூன்றுக்கு 120. இருபது கணினி உள்ள அலுவலகத்தில் 800-க்குப் பதில் 2,400.

இதோடு, நாவெல் சர்வர் தன் சேவைகளைச் சொல்லும் எஸ்ஏபி அறிவிப்பும் நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ஏழு சேவைகள் இருந்தால் ஐபிஎக்ஸ் தலைப்பும் சேர்த்து 480 பைட். 2 எம்பிபிஎஸ் இணைப்பில் இது 2 மில்லிசெகண்டுதான். 9.6 கேபிபிஎஸ் மோடத்திலோ 0.4 விநாடி, நாள் முழுக்க, நிமிடந்தோறும்.

அதனால் அந்த விண்டோஸ் 95 காலத்தில் நான் சொன்னது: தேவைப்படாத புரோட்டோகாலின் பைண்டிங்கை, அதாவது அட்டையோடு அதற்குள்ள பிணைப்பை, எடுத்துவிடுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை. நெட்வொர்க் பண்புகளைத் திறந்து ஒரு டிக்கை நீக்கி, மறுபடி பூட் செய்தால் முடிந்தது.