தெர்மோகோலைக் கரைக்கும் ஆரஞ்சுத் தோல்

சேர்வராயன் கோயில் உச்சிக்குக் கீழே பரந்து கிடக்கும் ஏற்காட்டுத் தோட்டங்களில், காப்பியோடு கமலா ஆரஞ்சும் மிளகும் விளைகின்றன. அந்த ஆரஞ்சின் தோலை மடித்து ஒரு தெர்மோகோல் துண்டின்மேல் பிழிந்தால், எண்ணெய் தெறித்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். இதைக் கண்டு பழத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நம் குடல் தெர்மோகோலால் ஆனதன்று!

ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் சுமார் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற பொருள் உள்ளது. தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை நுரையாக ஊதிச் செய்தது. அதன் பருமனில் பெரும்பகுதி வெறும் காற்று. இரண்டுமே கரியும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தவை. இனம் இனத்தோடு சேரும். லிமோனீனின் சிறு மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிரித்துவிடுகின்றன. நுரையின் மெல்லிய சுவர் சரிய, உள்ளிருந்த காற்று வெளியேறுகிறது. பெரிய துண்டு சிறிது பசையாகச் சுருங்கிவிடுகிறது. பிளாஸ்டிக் அழிந்துவிடவில்லை, எடை குறையாமல் அந்தப் பசையில்தான் இருக்கிறது. ஆகவே அதை எருக்குழியில் போடக் கூடாது.

கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றின் மூலக்கூறுகள் பெரியவை, தன்மையும் வேறு. அவை தெர்மோகோலை இப்படிக் கரைப்பதில்லை. சர்க்கரை தண்ணீரில் கரைந்து, எண்ணெயில் கரையாமல் நிற்பதைப் போன்றதே இது. ஜப்பானின் சோனி நிறுவனம் 1990களில் லிமோனீனைக் கொண்டு பழைய தெர்மோகோலைச் சுருக்கி, பிளாஸ்டிக்கை மீட்கும் முறையை உருவாக்கியது.

விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பூச்சிமருந்தை. தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் மருந்துகள் பலவற்றில் சைலீன் போன்ற கரைப்பான் உண்டு. அதுவும் இதே வேலையைச் செய்யும். தமிழ்நாட்டில் தெர்மோகோல் தட்டு, குவளைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. ஆனாலும் பொருள்கள் கட்டி வரும் பெட்டித் துண்டையோ, பழைய குவளையையோ மருந்து அளக்க எடுப்பவர்கள் உண்டு. அடி கரைந்து, நீர் கலக்காத மருந்து அப்படியே கையில் வழியும். இத்தகைய மருந்துகள் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். மருந்துடன் வரும் அளவு மூடியையே பயன்படுத்துவது நல்லது, கையுறையும் தேவை. மருந்து பட்டுவிட்டால் நனைந்த துணியை உடனே களைந்து, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தலைசுற்றலோ வாந்தியோ வந்தால், மருந்து டப்பாவின் லேபிளையும் எடுத்துக்கொண்டு தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.