உங்கள் தரவு எந்த ஊரில் குடியிருக்கிறது?



சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக் கணினிக் கழக மாணவர்கள் சிற்றுண்டிச்சாலைக்காக ஒரு செயலி செய்தார்கள். பெற்றோர் முதல் நாள் இரவே உணவைப் பதிந்து வைத்துவிடலாம். மறுநாள் ஓய்வுவேளையில் பிள்ளை தன் எண்ணைச் சொன்னால் போதும். முகப்பில் இருக்கும் ஆன்ட்டி கையிலுள்ள டேப்லெட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். கணினி அறையில் சோதித்தபோது குறையே தெரியவில்லை. சிற்றுண்டிச்சாலையில் வைத்த முதல் நாளே வரிசை இழுத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு தட்டுக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது. ஆன்ட்டி பொறுமையிழந்து இரண்டு முறை தட்ட, சில பிள்ளைகளுக்கு ‘ஏற்கெனவே பெற்றுக்கொண்டார்’ என்று திரை சொன்னது.

ஒரு விநாடிதானே என்று நினைக்கிறீர்களா? 180 மாணவர்கள் என்றால் 180 விநாடி, அதாவது 3 நிமிடம். ஓய்வுவேளையே 20 நிமிடம்தான்.

எல்லாரும் பள்ளியின் வைஃபை மீது பழி போட்டோம். தவறு எங்களுடையது. தரவுத்தளத்தைத் திறந்த நாளில் ‘இடம்’ என்று ஒரு கேள்வி வந்தது. முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்த பதிலைப் பார்க்காமலே ‘அடுத்து’ பொத்தானை அழுத்தியிருந்தோம். அந்தப் பதில், அமெரிக்கா.

‘மேகம்’ என்ற சொல்தான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. மேகக் கணிமையில் வானத்தில் மிதப்பது எதுவும் இல்லை. உங்கள் தரவு ஏதோ ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கும் கணினியில்தான் இருக்கிறது. உங்கள் கைப்பேசி கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்த ஊர்வரை போய்த் திரும்ப வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? நீங்களே கணக்குப் போடலாம். வெற்றிடத்தில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் செல்லும். ஆனால், கடலடிக் கம்பிவடத்துக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. எனவே வேகம் 200,000 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள வர்ஜீனியாவில் தரவு மையங்கள் மிக அதிகம். கோலாலம்பூரிலிருந்து அங்கே 15,000 கிலோமீட்டருக்கு மேல். போக 75 மில்லிவிநாடி, வர 75. ஆக 150. கம்பிவடம் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல கருவிகளைக் கடக்கவும் வேண்டும். அதனால் நடைமுறையில் 200 மில்லிவிநாடியைத் தாண்டிவிடும். சிங்கப்பூருக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர்தான். அதே கணக்கில் போய்வர 3 மில்லிவிநாடிகூட முழுதாக வேண்டியதில்லை என்று சொல்லலாம் போல இருக்கும். சரியாகப் போட்டால் 3.2 வரும்!

அதிவேக இணையத்துக்குக் கூடுதல் பணம் கட்டினாலும் இந்த 150 குறையாது. கூடுதல் பணம் குழாயை அகலமாக்கும், நீளத்தைக் குறைக்காது.

சரி, 200 மில்லிவிநாடி எப்படி ஒரு விநாடி ஆனது? எங்கள் செயலி ஒரே தட்டுக்கு நான்கு முறை தரவுத்தளத்தை நாடியது. இந்த எண் யாருடையது? இன்று உணவு பதிந்திருக்கிறாரா? ஏற்கெனவே வாங்கிவிட்டாரா? சரி, ‘வாங்கினார்’ என்று குறித்துக்கொள். முந்தைய பதில் வந்த பிறகே அடுத்தது கிளம்பும். நான்கு முறை பசிபிக்கைக் கடந்து திரும்பினால் ஒரு விநாடி ஆகாமல் என்ன செய்யும்?

இடத்தை மாற்றிவிடலாம் என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். மாற்ற முடியாது என்றது. பல சேவைகளில் இதுதான் விதி. மாணவர் திட்டங்களில் அதிகம் புழங்கும் கூகலின் ஃபயர்ஸ்டோரிலும் ஒரு தரவுத்தளத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தால் பிறகு அதை மாற்ற வழியில்லை. புதிய தரவுத்தளம் ஒன்றைத் திறந்து, பழைய தரவை அதற்குள் கொண்டுவர வேண்டும். எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று.

அப்படியானால் பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்ததா? இல்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில், அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அளவுக்கு அழிந்தன. அவற்றுக்கு வேறெங்கும் நகல் இல்லை.

எனவே தூரத்தில் ஒரு நகல் வேண்டும். ஆனால், தூரம் மறுபடியும் விலை கேட்கும். சிங்கப்பூரில் எழுதுவதை மும்பையிலும் எழுதி, ‘பதிந்தாயிற்று’ என்ற பதில் வரும்வரை காத்திருந்தால், ஒவ்வொரு பதிவுக்கும் 40 மில்லிவிநாடிக்கு மேல் கூடும். காத்திருக்காமல் விட்டால் மும்பை நகல் சற்றுப் பின்தங்கியே இருக்கும். படத்துக்கு எத்தனை ‘லைக்’ என்பது சற்றுப் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. கடைசி நாசி லெமாக் பொட்டலத்தை இரண்டு முகப்பும் இரண்டு பிள்ளைகளுக்கு விற்றுவிட்டால்? வங்கிக் கணக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

சட்டமும் குறுக்கிடும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. தனிநபர் தரவை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு இரண்டிலும் விதிகள் இருக்கின்றன. பள்ளிச் செயலிக்கு இதெல்லாமா என்று நானும் முதலில் நினைத்தேன். பட்டியலைப் பார்த்தபோது, தேவையே இல்லாமல் பிள்ளைகளின் அடையாள அட்டை எண்களையும் சேர்த்து வைத்திருந்தோம்!

கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். தரவு மையத்துக்கு நிலம், மின்சாரம், குளிரூட்ட நீர் எல்லாம் வேண்டுமே. 2019 முதல் சில ஆண்டுகள் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. ஜொகூரில் இவை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மேகக் கணிமை வட்டாரத்தைத் திறந்தது. இனி உங்கள் முன் வரும் இடப் பட்டியலில் நம் நாட்டின் பெயரும் இருக்கலாம்.

எங்கள் செயலியின் தரவுத்தளம் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறது. நான்கு கேள்விகளை ஒரே பயணமாகச் சுருக்கிவிட்டோம். அடையாள அட்டை எண்களை அழித்துவிட்டு, வகுப்பையும் வரிசை எண்ணையும் மட்டும் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மாணவி தரவை வன்தட்டில் நகலெடுத்து ஆசிரியர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். ஆன்ட்டி இப்போது ஒரு முறைதான் தட்டுகிறார்.