கேட்டைக்குச் சொதி, மாடியில் படம்

ஆனி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு எங்கள் வீட்டில் இரண்டு பிறந்தநாளுக்கென்று ஒதுக்கியது. ஒன்று அம்மாவுக்கு. பேரப் பிள்ளைகள் வந்தபின் வீடே அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறது, நானும்தான். இன்னொன்று தம்பி மகளுக்கு. பாளையங்கோட்டை வீட்டில் பதினாலு பேர் கூடுவோம். பல வருஷம் சொதப்பிய பிறகுதான் இந்த இரண்டு நாளும் ஒரு ஒழுங்குக்கு வந்தன.

முதல் வேலை நாள் பார்ப்பது. சின்னவளுக்குக் காலண்டர் போதும். ஆச்சியின் ஆதார் அட்டையில் ஜூன் 1 என்று இருக்கிறது. அது பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி. அவள் வயதுக்காரர்கள் பலருக்கு இப்படித்தான். அவளுக்குத் தெரிந்தது ஆனி மாதம், கேட்டை நட்சத்திரம். அதற்குப் பஞ்சாங்கம் வேண்டும். நட்சத்திரம் 27, ஆனிக்கு நாளோ 31 அல்லது 32. அதனால் சில வருஷம் ஒரே நட்சத்திரம் மாதத்தில் இரண்டு தடவை வரும். அப்படி வந்தால் நாங்கள் இரண்டாவதை எடுப்போம். நட்சத்திரத்தன்றே அர்ச்சனையை முடித்துவிடுவது. நெல்லையப்பருக்கு ஆனித் திருவிழா நடக்கும் மாதம் என்பதால் விடிந்ததுமே கிளம்பி, காந்திமதி அம்மன் சன்னதியில் பெயர், கேட்டை, விருச்சிக ராசி என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். விருந்தும் படமும் இரண்டு பிறந்தநாளுக்கும் நடுவில் விழும் சனி, ஞாயிறுக்கு.

சனிக்கிழமை மதியம் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாட்டில் வைக்கிற அதே திருநெல்வேலிச் சொதி. பதினாலு பேருக்கு முற்றிய தேங்காய் ஐந்து, பாசிப்பருப்பு 200 கிராம். தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாக விட்டு அரைத்து, துணியில் பிழிந்து முதல் பாலைத் தனியே எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். அதே சக்கையில் இன்னும் இரண்டு தடவை பால். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய், முழுசாக உரித்த சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் மூன்றாம் பாலில் வேக வேண்டும். பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுது அதில் சேரும். மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி பக்கமே போகக் கூடாது. காய் வெந்ததும் மசித்த பருப்பும் இரண்டாம் பாலும்.

கடைசியில் முதல் பால். இங்கேதான் எல்லோரும் தவறுவது. அடுப்பைத் தணித்து, பாலை ஊற்றி, கரண்டியை எடுக்காமல் ஒரே திசையில் கிண்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஓரத்தில் சின்னச் சின்ன முத்தாக நுரை கட்டும். நடுவுக்கு வருமுன் இறக்கிவிட வேண்டும். நான் நிற்கும்போதெல்லாம் ஆச்சி கூடத்திலிருந்தே, "ஏட்டி, திரிஞ்சிராம!" என்பாள். கண்ணால் பார்க்கவில்லை, வாசனையில் தெரியுமாம். எலுமிச்சம்பழம் பிழிவது சூடு கொஞ்சம் தணிந்த பிறகு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் காரக்கறி, கூடவே இஞ்சிப் பச்சடி. இஞ்சி ருசிக்காக மட்டும் இல்லை, அவ்வளவு தேங்காய்ப் பாலும் செரிக்க வேண்டுமே.

ஆனாலும் செரிக்க நேரம் எடுக்கும். ஒரு வருஷம் சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு மணிக்குப் படம் போட்டோம். இடைவேளைக்குள் பெரியவர்கள் அத்தனை பேரும் குறட்டை. சொதி வைத்த நாளில் பொழுது சாய்வதற்கு முன் படம் கூடாது.

ஆறு மணிக்குக் காபி கொடுத்துவிட்டு மாடி வேலை. இதில் இரண்டு எதிரிகள். ஒன்று நிலா. ஆனிக் கேட்டை எப்போதுமே பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், நிலா பெரிதாகக் கிழக்கே நிற்கும். திரை அதைப் பார்த்து நின்றால் படம் வெளுத்துவிடும். ஆகவே திரை மேற்கே பார்க்க வேண்டும். மேற்கேதான் இரண்டாவது எதிரி. குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில், கணவாய் வழியாக இறங்கும் காற்று நம் மாடியையும் விடாது. கொடிக் கயிற்றில் வேட்டியைக் கட்டி, கீழே செங்கல் தொங்கவிட்டுப் பார்த்தோம். படம் முழுக்கக் கதாநாயகி நெளிந்துகொண்டே இருந்தாள்.

தம்பிதான் வழி கண்டுபிடித்தான். மாடிப்படி அறையின் மேற்குச் சுவரோடு வேட்டியை ஒட்டிக் கட்டிவிட்டான். நிலாவைச் சுவர் மறைத்துவிடுகிறது, காற்று துணியைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நேரே சுவரில் காட்டலாமே என்பீர்கள். அது மஞ்சள் சுண்ணாம்பு. நடிகை காஞ்சனாவுக்குக் காமாலை வந்த மாதிரி இருக்கும். கரை வைக்காத எட்டு முழ வேட்டியில் ஏழடி அகலம், நாலடி உயரத்துக்குப் படம் விழும். வாடகைப் புரொஜெக்டரை அதற்குப் பத்தடி தள்ளி ஸ்டூலில் வைக்கிறோம். படம் மேலே அகன்று கீழே குறுகினால் பெட்டி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடியில் கொடுக்கப் போன வருஷத்துப் பஞ்சாங்கம் சரியான கனம். ஸ்பீக்கரை ஒயரில் இணைப்பது நல்லது. புளூடூத்தில் வாய் முதலில் அசையும், வார்த்தை பிறகு வரும். ஆச்சிக்கு அது பிடிக்காது.

என்ன படம்? புதுப் படம் வேண்டாம் என்பது என் கட்சி. குடும்பம் கூடுகிற இடத்தில் யாராவது எழுந்து போவார்கள், குழந்தை அழும், அத்தை குறுக்கே பழைய கதை சொல்வாள். எல்லோருக்கும் தெரிந்த படமாக இருந்தால் யாருக்கும் எதுவும் விட்டுப்போகாது. சனிக்கிழமை ஆச்சி சொல்கிற படம், அதாவது 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. பழைய படம் அகலம் குறைவு, இரண்டு பக்கமும் கறுப்பு விழும். அதைச் சரிசெய்கிறேன் என்று இழுத்தால் பாலையா இன்னும் குண்டாகிவிடுவார், அப்படியே விடுங்கள். நாகேஷ் அவருக்குப் பேய்க்கதை சொல்கிற இடத்தில் வசனம் திரையில் வருமுன்னே எங்கள் பாயில் வந்துவிடும். பாலையா முகம் போகும் போக்கை ஆச்சி தானும் செய்து காட்டுவாள். பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் நாள், அதனால் எல்லாம் தலைகீழ். இட்லி முடிந்ததும் கூடத்து டிவியில் 'மைக்கேல் மதன காம ராஜன்'. நாலு கமலில் யார் யார் என்று ஆச்சிக்குச் சொல்லிக்கொடுப்பது சின்னவள் பொறுப்பு. கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் இடத்தில் எங்கள் சைவ வீடு சிரிக்கிற சிரிப்பு தெருவுக்குக் கேட்கும். மாலையில் கேக். முதலில் குத்துவிளக்கு, பிறகு மெழுகுவர்த்தி என்று ஏற்பாடு. போன தடவை கேக்கில் சின்னவள் பெயரோடு ஆச்சி பெயரையும் எழுதச் சொல்லியிருந்தோம். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தாள். தன் பெயர் இருக்கிற பக்கத்தை வெட்ட விடவில்லை.

ராத்திரி எல்லோரும் ஊருக்குக் கிளம்பியபின் வேட்டியை நனைத்துப் போட்டு, ஸ்டூலைக் கீழே இறக்கி, பஞ்சாங்கத்தைத் தூசி தட்டி அலமாரியில் வைக்கிறேன். நடப்பு வருஷத்துப் பஞ்சாங்கமும் பக்கத்தில்தான் இருக்கும். சித்திரையில் புதுசு வந்ததும் அது ஸ்டூலுக்குப் போகும்.