வீட்டிற்கு ஒரு நாய்க்குட்டி வரும்போது

எங்கள் ஊசி அறைக்கு நாய்க்கடிக்காக வரும் குழந்தைகள் அனைவரும் தெருநாயிடம் கடிபட்டவர்கள் அல்லர். வீட்டிற்குப் புதிதாக வந்த குட்டியோடு விளையாடும்போது பல்லோ நகமோ பட்டு வருவோரும் உண்டு. "குட்டிதானே, விளையாட்டாகக் கடித்தது, இதற்கும் ஊசி வேண்டுமா?" என்று பெற்றோர் தயங்குகின்றனர். வேண்டும் என்பதே எங்கள் விடை. அந்த நிலையே நேராமல் குட்டியை வீட்டிற்குப் பழக்கும் வழிகளை இங்கே தருகிறோம்.

எட்டு வாரம் நிறையும் முன்னர்க் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடியே அது மெல்லக் கடிக்கக் கற்கிறது. வந்த முதல் சில நாள்கள் உற்றார் உறவினரை அழைத்துக் காட்டாமல், அமைதியான ஒரு மூலையில் பழைய துணி விரித்து, அருகில் தண்ணீர் வையுங்கள். இரவில் அது முனகுவது தாயைப் பிரிந்த ஏக்கத்தால். அதட்டாமல், நீங்கள் உறங்கும் இடத்திற்கு அருகில் படுக்கவிடுங்கள். உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும் வெளியே ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டிற்குள் அசுத்தம் செய்தால் அடிக்காதீர்கள். அடி அச்சத்தை மட்டுமே கற்பிக்கும்.

குழந்தைகளுக்குச் சில விதிகள் தேவை. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடக் கூடாது. கட்டி அணைக்கக் கூடாது. சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையின்றித் தனியே விடக் கூடாது. நாய் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், உடலை விறைப்பதும், உறுமுவதும் 'என்னை விடு' என்பதற்கான அடையாளங்கள். உறுமலைத் தண்டித்தால், அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாதத்தில் போடப்படுகிறது. கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் அதனைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே மிக இளங்குட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இராது. குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுங்கள். குட்டியின் மலத்தில் உள்ள புழு முட்டைகள் குழந்தைகளின் உடலுக்குள் செல்லக்கூடும். எனவே உண்பதற்கு முன் சோப்பினால் கை கழுவுவது கட்டாயம்.

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வோரும் மாற்று உறுப்பு பெற்றோரும் வீட்டில் இருந்தால், நாய் வாங்கும் முன் அவர்களுடைய மருத்துவரைக் கேளுங்கள். இத்தகைய வீட்டிற்குக் குட்டியைவிடத் தடுப்பூசி முடிந்த, வளர்ந்த நாயே ஏற்றது. நாயின் கழிவை அள்ளும் பணியைப் பிறர் செய்யட்டும். புண், தையல், குழாய் செருகிய இடம் ஆகியவற்றை நாய் நக்க விடலாகாது. ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவர்களின் காலடியில் குட்டி ஓடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பு முறிய ஒரு சறுக்கல் போதும்.

எவ்வளவு கவனித்தும் கடிபட்டுவிட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதனையும் தடவாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தோலினுள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும் ஊசி போடப்படுகிறது. ஆழமான காயமாயின் புண்ணிலேயே செலுத்தும் மருந்தும் தேவைப்படும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி இலவசம். ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது; உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் நோயைத் தடுத்துவிடலாம்.

குழந்தையின் தடுப்பூசி அட்டையை வைத்திருக்கும் இடத்திலேயே குட்டியின் அட்டையையும் வையுங்கள். அதுவும் இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளைதான்.