திரை புகுந்த ஆடல்

ஓவியன் மறைந்தாலும் அவன் தீட்டிய ஓவியம் சுவரில் நிற்கும். ஆடற்கலைஞன் மேடையை விட்டு இறங்கினால் அவன் ஆடலும் உடன் போய்விடும். ஓவியம் பயின்று, பின்னர் ஆடலில் புகழ் பெற்ற உதயசங்கர் இக்குறையை நீக்க என்ன செய்தார் என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

1900இல் உதயபுரியில் பிறந்த அவர் லண்டன் அரசக் கலைக் கல்லூரியில் ஓவியம் கற்றவர். 1923இல் ருஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவா ராதாகிருஷ்ணர் கதையை மேடையேற்றியபோது, அவ்வம்மையாருடன் கண்ணனாக ஆடினார். பாலே என்பது பேச்சில்லாமல், குழு ஆடலாலும் இசையாலும் கதை சொல்லும் மேடைக் கலை. அதன் கட்டுக்கோப்பில் நம் நாட்டு ஆடல் அசைவுகளைப் பொருத்தினார் உதயசங்கர். அதைப் பாலே என்னலாகாது என்று வாதிடுவோரும் உளர். பெயரைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

தம் குழுவுடன் மேல்நாடுகளைச் சுற்றிவந்த பின், இமயச் சாரலில் அல்மோராவில் ஒரு கலை மையம் கண்டார். பாலசரஸ்வதியின் ஆசானாகிய கந்தப்ப பிள்ளை அங்கே பரதம் கற்பித்தார். பொருள் முடையால் அம்மையம் மூடப்பட்டது. அதன் பிறகே உதயசங்கர் படமெடுக்கத் துணிந்தார். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவான 'கல்பனா' 1948இல் வெளிவந்தது. இயக்கியவரும் நாயகனாக ஆடியவரும் அவரே. அவர் மனைவி அமலா உடன் ஆடினார். நம் பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியதும் அப்படத்திலேதான்.

மேடைக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மாணவர்க்கு எளிதில் விளங்கும். தெருக்கூத்தில் ஓரிடத்தில் அமர்ந்தால் விடியும்வரை அங்கிருந்தே பார்க்கிறோம். துரியோதனன் கிரீடத்தைப் பார்ப்பதா, அவன் காற்சலங்கையைப் பார்ப்பதா என்பது நம் விருப்பம். காமிராவோ அவ்வுரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறது. முகத்தை அருகில் காட்டினால் பாதம் மறைகிறது. முழு உடலையும் காட்டினால் கண்ணசைவு தெரிவதில்லை. மேடையாடலை அப்படியே படம் பிடித்தால் அது உயிரற்றுப் போவது இதனாலேதான். உதயசங்கர் காமிராவுக்கென்றே ஆடலை மீண்டும் அமைத்தார். தொழிலாளர் இயந்திரத்தின் உறுப்புகளாகவே மாறி இயங்கும் அந்த நடனத்தைப் பாருங்கள்: கோணமும் ஒளியும் நிழலும்கூட அங்கே தாளத்துக்கு இசைகின்றன.

வசூலையே எண்ணும் பட முதலாளியைக் கேலி செய்த அப்படத்துக்கு வசூல் கைகொடுக்கவில்லை. அதே ஆண்டில் அதே ஸ்டூடியோவின் 'சந்திரலேகா'வோ முரசு நடனத்தால் நாடெங்கும் பேசப்பட்டது!

தோல்வி அவரைத் திரையிலிருந்து பிரித்துவிடவில்லை. கூத்தில் இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று பாடி, வேடக்காரர் வெளிப்படுவாரன்றோ? 1970இல் கல்கத்தாவில் அவர் அமைத்த 'சங்கர்ஸ்கோப்' என்னும் நிகழ்ச்சி எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. படத்தில் தோன்றும் ஆள் திரையைக் கடந்து மேடையில் உயிரோடு வந்து நிற்பார். எழுபது வயதில் ஒரு கலைஞருக்குத் தோன்றிய புதுமை இது!

1977இல் அவர் காலமானார். 'கல்பனா' செப்பனிடப்பட்டு 2012இல் பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் மீண்டும் ஓடியது. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அமலா அங்கு வந்திருந்தார். திரையில் அவரும் அவர் கணவரும் இளமையோடு ஆடிக்கொண்டிருந்தனர்.