எட்டு நாற்காலி, ஒன்பது பேர்

2021 ஏப்ரலில் அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்தது. "பிறந்தநாளுக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டால் வழக்கமாக "ஒண்ணும் வேணாம்" என்பவர், இந்த முறை யோசிக்கவே இல்லை. "ஹோட்டல் பஃபே போவோம். எல்லாரும்" என்றார்.

அந்த 'எல்லாரும்' என்ற சொல்தான் எங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டது. அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகள், அண்ணன், அண்ணி, நான். விரல்விட்டு எண்ணினால் ஒன்பது. அப்போதைய மூன்றாம் கட்டத் தளர்வில் உணவகத்துக்குச் சேர்ந்து போக அனுமதி எட்டுப் பேருக்குத்தான் இருந்தது. பிள்ளைகளும் கணக்கில் சேர்ந்தார்கள். நாங்கள் ஒரே வீட்டில் வசிப்பவர்கள் அல்லர் என்பதால், இரண்டு மேசையாகப் பிரிந்து உட்காரவும் வழியில்லாமல் இருந்தது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு ஒரே பரபரப்பு. முதலில் விலகியது, நீங்கள் நினைப்பதுபோல, அம்மாதான். "நான் சைவம். அவ்வளவு காசு கொடுத்து நான் என்ன சாப்பிடப் போறேன்? நீங்க போயிட்டு வாங்க." அடுத்தது நான்: "எனக்கு அன்னைக்கு நிகழ்ச்சி இருக்கு." எனக்கு நிகழ்ச்சி இல்லை என்பது, தினமும் வானொலியைத் திறந்து வைத்திருக்கும் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் அண்ணன் முடித்து வைத்தார்: "நானும் அண்ணியும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேக் வெட்டுறோம். மத்தியானம் எனக்கு வேலை இருக்கு." ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

'வீட்டிலேயே செய்திருக்கலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். அப்போதைய விதிப்படி வீட்டுக்கு எட்டு விருந்தினர் வரலாம் என்பதால் ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கவும் முடியும். ஆனால் அம்மா விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருப்பார். தவிர, ஓராண்டாக வீட்டுக்குள்ளேயே இருந்த மனிதர் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

வரிசை காணாமல் போன கதை

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கிருமி முறியடிப்புக் காலத்தில் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடவே முடியவில்லை. ஜூன் 19ஆம் தேதி இரண்டாம் கட்டம் தொடங்கியபோது ஐவர் வரை சேர்ந்து உண்ண அனுமதி கிடைத்தது. டிசம்பர் 28 முதல் அது எண்மரானது. ஆனால், நாமே தட்டைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்துக்கொள்ளும் பஃபே வரிசை மட்டும் அப்போது திரும்பி வரவில்லை.

அதற்கான காரணத்தை ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பு நிறுவனம் 2020 மே மாதம் கண்முன் காட்டியது. பஃபே போன்ற ஓர் ஏற்பாட்டில் பத்துப் பேரைச் சாப்பிட வைத்தார்கள். அவர்களில் ஒருவர்தான் 'நோயாளி'. இருமும்போது கையால் வாயை மூடுகிறார் என்ற கற்பனையில், அவர் கையில் மட்டும் புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைப் பூசினார்கள். அரை மணி நேரம் கழித்து விளக்கை அணைத்துப் பார்த்தால், பத்துப் பேரிடமும் சாயம்! மூவரின் முகத்திலும்கூட. இடுக்கி, பானச் சாடி, பாத்திர மூடி என்று எல்லாரும் தொடும் பொருள்கள் வழியாக அது பயணம் செய்திருந்தது.

பலர் பகிர்ந்த அந்தக் காணொளியின் இரண்டாம் பாதியை அவ்வளவாக யாரும் பேசவில்லை. ஊழியர்கள் உணவைப் பரிமாறி, இடுக்கிகளை அடிக்கடி மாற்றி, கைகளைக் கழுவச் செய்து மீண்டும் சோதித்தபோது யார் முகத்திலும் சாயம் இல்லை. 2021இல் நம் ஹோட்டல்கள் செய்தது ஏறக்குறைய அதைத்தான்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருள்களைத் தொடுவதால் கொவிட்-19 தொற்றும் வாய்ப்பு, ஒவ்வொரு முறை தொடும்போதும் 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையம் 2021 ஏப்ரலில் கூறியது. பெரிய ஆபத்து காற்றில்தான். அப்படிப் பார்த்தால் பஃபேயில் இடுக்கியைவிட அஞ்ச வேண்டியது, அதை எடுக்கக் காத்திருக்கும் கூட்டத்தை. சில்லி நண்டுக்கு முன்னால் தோளோடு தோள் உரசி நின்று, "இது காரமா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்போமே, அந்த நெருக்கத்தை.

பஃபே பந்தியானது

ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணி. வாசலில் வெப்பநிலைச் சோதனை, சேஃப்என்ட்ரி பதிவு. அப்பா தமது டிரேஸ்டுகெதர் கருவியைக் கழுத்தில் பதக்கம்போல மாட்டியிருந்தார். மேசைகளுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி. எங்களுக்கு எட்டுப் பேர் அமரும் மேசை. உட்கார்ந்தது ஏழு பேர்.

"ஒரு இடம் காலியாத்தானே இருக்கு?" என்றார் அம்மா. யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா அந்த நாற்காலியில் கைப்பைகளை வைத்தார்.

மேசைமேல் கியூஆர் குறியீடு. கைப்பேசியால் வருடினால் உணவுப் பட்டியல் திறக்கிறது. வேண்டியதைத் தெரிவு செய்தால் சின்னச் சின்னத் தட்டுகளில் மேசைக்கே வருகிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் நேரம் இரண்டு மணி நேரம்தான். மிச்சம் வைத்தால் கூடுதல் கட்டணம்.

என் அக்கா பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. ஐந்தே நிமிடத்தில் சாத்தே, லக்சா, சால்மன் என்று பத்துத் தட்டுகளுக்குச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கோ நிம்மதி. "ஆட்டிறைச்சிக்குப் போட்ட கரண்டியை யாராவது காய்கறியில போட்டிருப்பாங்களோன்னு எப்பவும் ஒரு பயம் இருக்கும். இன்னைக்கு அது இல்லை" என்றார். இத்தனை ஆண்டுகளாக அம்மா பஃபேயில் பழமும் ரொட்டியும் மட்டும் சாப்பிட்டதற்கான காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சங்கடப்பட்டவர் அப்பாதான். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், நிறுவனத்தின் ஆண்டு விருந்தில்தான் அவர் முதன்முதலில் பஃபே சாப்பிட்டாராம். அன்றிலிருந்து அவருக்கென்று ஒரு முறை உண்டு. உள்ளே போனதும் தட்டை எடுக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அரசு விருந்தினர் அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்ப்பார். 'பந்திக்கு முந்து' என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. முதலில் ஆய்வு, பிறகுதான் உணவு.

இப்போது சுற்றி வர வரிசையே இல்லை. பட்டியலைப் பெரிதாக்கிக் காட்டினேன். இறால் கேட்டார், வந்தது. மூன்றே மூன்று இறால். முடித்துவிட்டு வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு சொல்லட்டுமாப்பா?"

"வேணாம். அந்தப் பையன் எத்தனை தடவைதான் நடப்பான்?"

வரிசையில் நின்று நான்காவது முறை எடுத்தாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை. ஆனால் இன்னொருவர் கொண்டுவந்து வைக்கும்போது, இரண்டாவது முறை கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நம் கல்யாணப் பந்தியில் இந்தக் கூச்சம் கிடையாது. அங்கே நாம் கேட்பதில்லை. பரிமாறுபவர் இலையைப் பார்த்தே ஊற்றிவிடுவார். "போதும் போதும்" என்று கையால் மறிப்பதுதான் நம் வேலை. பஃபே அன்று மறுபடியும் பந்தியாகியிருந்தது. நமக்குத்தான் பந்தியில் உட்காரும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

எங்கள் மேசையைக் கவனித்த இளைஞருக்கு அது விட்டுப்போகவில்லை. சற்று நேரத்தில், கேட்காமலே ஒரு தட்டு இறாலை அப்பா முன்னால் வைத்தார். "அங்கிள், சூடா வந்துச்சு. சாப்பிடுங்க" என்றார் தமிழில்.

பாலம் தாண்டாத ஓராண்டு

அவர் ஜோகூர்க்காரர். முன்பு தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து வந்து வேலை பார்த்துவிட்டு, இரவு அம்மா கையால் சாப்பிடப் போய்விடுவாராம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இந்தப் பக்கம் தங்கியவர்தான். போய் வர ஏற்பாடு இருந்தாலும் தனிமைப்படுத்தலுக்கு ஆகும் நாள்களை எண்ணிப் போகவில்லை.

"உட்லண்ட்ஸ்லதான் ரூம். அங்கருந்து பார்த்தா எங்க ஊரு கட்டடம் தெரியும், அங்கிள். போகத்தான் முடியல."

அப்பா எதுவும் பேசவில்லை. அதன்பிறகு அவர் கேட்கத் தயங்கவும் இல்லை. ஒவ்வொரு தட்டு வரும்போதும் "தம்பி, சாப்டியாப்பா?" என்று ஆரம்பித்து ஊர், தெரு, தங்கையின் படிப்பு வரை விசாரித்துவிட்டார். முகக்கவசத்துக்கு மேலே அந்த இளைஞரின் கண்கள் சிரித்ததைப் பார்த்தேன்.

வேலை எப்படி என்று நான் கேட்டேன். முன்பெல்லாம் காலித் தட்டுகளை எடுப்பதும் பாத்திரங்களை நிரப்புவதும்தான் பெரிய வேலை. அப்போதோ ஒவ்வொரு கவளமும் அவர் கை வழியாகத்தான் போனது. "கால்தான் வலிக்கும். ஆனா அப்போ யாரும் எங்களப் பார்க்க மாட்டாங்க. இப்போ பேசுறாங்க" என்றார்.

சமையலறையில் என்ன மாறியது?

ஹோட்டல் சமையலறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பேசினேன். பஃபேயின் கணக்கு எளிது என்றார் அவர். மொத்தமாகச் சமைத்தால் செலவு குறைவு. விருந்தினரே எடுத்துக்கொள்வதால் ஆள் குறைவு. மேசைகள் நெருக்கமாக இருப்பதால் வருமானம் அதிகம். இந்த மூன்றும் அப்போது ஒரே நேரத்தில் தலைகீழாகியிருந்தன. கேட்கக் கேட்கச் சமைக்க வேண்டியிருந்தது, பரிமாற ஆள் வேண்டியிருந்தது, மேசைகளோ குறைவாக இருந்தன. "அப்புறம் ஏன் நடத்துறீங்க?" என்றேன். "வெளிநாட்டு விருந்தினர் இல்லாத ஹோட்டலுக்கு வாசல் வழியா வர்றது இப்போ நீங்கதானே" என்றார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு மகிழ்ச்சி. முன்பு கடைசி விருந்தினர் வரும்வரை பாத்திரங்கள் நிறைந்திருக்க வேண்டும். மூடும் நேரத்தில் மிச்சமெல்லாம் குப்பைக்குப் போகும். சமைத்த உணவை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நெடுநேரம் வைத்திருந்தால் கிருமிகள் பெருகும் என்பதால், மிஞ்சியதை மறுநாளுக்கு எடுத்துவைக்கவும் முடியாது. அப்போது கேட்டதை மட்டும் சமைத்ததால் வீணாவது குறைந்திருந்ததாம். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, 2019இல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 744,000 டன். அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 18 விழுக்காடு மட்டுமே. கிருமி போனபிறகும் நாம் வைத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று இருந்தால், அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் போவதற்கு முன்

 நோன்பு துறக்கவோ குடும்ப நிகழ்ச்சிக்கோ, மேசைக்கே உணவு வரும் பஃபேக்குப் போக நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

* முன்பதிவின்போதே நேர வரம்பு எவ்வளவு, கடைசியாக உணவு கேட்கும் நேரம் எது, மிச்சம் வைத்தால் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

* சைவம், ஹலால், ஒவ்வாமை போன்றவற்றை அப்போதே சொல்லுங்கள். தனித்தனியாகச் சமைத்து வருவதால் கவனிப்பது எளிது.

* நீரிழிவு உள்ளவர்கள் கவனம். பஃபே என்றால் உட்கார்ந்ததும் சாப்பாடு என்ற பழைய நினைப்பில் மாத்திரையையோ இன்சுலினையோ முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள். முதல் தட்டு வரத் தாமதமாகலாம். எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

* ஒரே மூச்சில் பத்துத் தட்டுகளுக்குச் சொல்லாதீர்கள். மூன்று, நான்காகக் கேளுங்கள். சூடும் ஆறாது, வீணாகவும் செய்யாது.

 

* பெற்றோரை அழைத்துச் சென்றால் கைப்பேசியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். பட்டியலைப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் பதிலாக நீங்களே இரண்டாவது முறை கேளுங்கள்.

மாலையில் ஒரு பஃபே

கிளம்பும்போது அப்பா பாண்டான் கேக்கில் ஒரு துண்டை அண்ணனுக்காகக் கட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பஃபே உணவை வெளியே கொண்டுபோக அனுமதியில்லை என்று அந்த இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தெரியும் தம்பி, சும்மா கேட்டேன்" என்றார் அப்பா. தெரியும்தான். எழுபது வயதில் அவர் எத்தனை பஃபே பார்த்திருக்கிறார்!

மாலை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். வீட்டில் ஒன்பது பேர். கேக் வெட்டினோம். அப்பாவும் அம்மாவும் தடுப்பூசி இரண்டு முறையும் போட்டு முடித்தவர்கள் என்றாலும், பேரப்பிள்ளைகளே மெழுகுவத்தியை ஊத வேண்டாம் என்று சொல்லிக் கையால் விசிறி அணைத்தார்கள்.

பிறகு அப்பா அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "முதல்ல இறாலு. பூண்டு போட்டு வதக்கியிருந்தான். அப்புறம் லக்சா, சின்னக் கிண்ணத்துல. உனக்குப் பிடிக்கும், தேங்காப்பால் தூக்கலா இருந்துச்சு. அதுக்கடுத்து..." என்று ஆரம்பித்தார்.

மதியம் சுற்றி வர முடியாத வரிசையை, ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டுவதுபோல, மகனுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த ஜோகூர் தம்பி பேரு என்னப்பா?"

அப்பா சொன்னார். அடுத்த முறை ஒன்பது பேரும் போகும்போது அவரைத்தான் கேட்க வேண்டுமாம்.