கர்நாடகத் துறைகள் – 9: ஷராவதியைக் கடத்திவிட்டவர்கள்

போன வாரம் ஜோக் அருவியோடு நிறுத்தினோம். அதற்கு மேலே, லிங்கனமக்கி அணையில் தேங்கிய நீரில் ஆளையும் வண்டியையும் ஏற்றி ஓடிய லாஞ்சுகளின் கதை இது.

பெங்களூரில் படகுத்துறை கிடையாது. ஆனாலும் இந்த லாஞ்சுகள் பிறந்ததில் நம் நகரத்துக்குப் பங்கு உண்டு. 1964இல் ஷராவதி ஆற்றின் குறுக்கே அந்த அணை எழுந்தது. அந்த நீரை நம்பி அமைந்த மின்நிலையம் 1,035 மெகாவாட் திறனுக்கு வளர்ந்தது. பெங்களூரின் ஆலைகளும் தெருவிளக்குகளும் நெடுங்காலம் அதை நம்பியே இருந்தன. விலை கொடுத்தது அணை இருக்கும் சாகர் தாலுக்கா. அதே ஆற்றில் 1948இல் கட்டி முடித்த ஹிரேபாஸ்கரா அணையே நீருக்குள் போனது என்றால், ஊர்களின் கதியைச் சொல்லவேண்டுமா? நிலமிழந்த குடும்பங்களின் பட்டாப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. மூழ்காமல் தப்பிய கரூர், பாரங்கிப் பகுதி ஊர்களுக்கோ சாகர் நகரம் எட்டாத அக்கரையாகிவிட்டது.

1960களின் இறுதியில் ஹொளேபாகிலு துறைக்கு லாஞ்ச் வந்தது. அம்பாரகொட்லுவுக்கும் களசவள்ளிக்கும் நடுவே ஆளும் பேருந்தும் அதிலேயே ஏறி இறங்கின. சிகந்தூர் சௌடேஸ்வரி கோயிலுக்குப் போன நம்மவர்கள் பலரும் அதில் போனவர்கள்தாம். நமக்கு அது உல்லாசப் பயணம். அக்கரை மக்களுக்கோ பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த லாஞ்சை நம்பித்தான் இருந்தன. மாலையோடு அது நின்றுவிடும். இரவில் பிரசவ வலி வந்தால் காட்டுப்பாதையில் நெடுந்தூரம் சுற்றவேண்டியிருந்தது.

லாஞ்ச் பணியாளர்களின் வேலை கடலோடிகளின் வேலையைவிடச் சுலபம் என்று நினைக்கவேண்டாம். அணையின் முழு மட்டம் 1,819 அடி. மழைக்காலத்தில் ததும்பும் நீர் கோடையில் வற்றும்போது கரையே இடம் மாறும். வண்டிகள் இறங்கும் இடமும் அதோடு மாறும். சேற்றையும், மூழ்கிய காட்டின் மரக்கட்டைகளையும் கவனித்து ஓட்டவேண்டும். 2023இல் மழை தாமதமானபோது நீர் மிகவும் இறங்கி, வண்டிகளை ஏற்றுவதையே நிறுத்த நேர்ந்தது. வண்டிகளைப் பாரம் பார்த்து நிறுத்துவதும், திருவிழாக் கூட்டத்தை அடக்கி ஏற்றுவதும் அவர்கள் பொறுப்பு.

2025 ஜூலை 14 அன்று இதே துறையில் 2.44 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அக்கரை மக்கள் காத்திருந்த பாலம் அது. அவர்களின் மகிழ்ச்சியில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பாலம் வரும்வரை அந்த ஊர்களைத் தாங்கியவர்கள் லாஞ்ச் பணியாளர்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அவர்களுக்கு மாநிலத்தின் மற்ற படகுத்துறைகளில் வேலை தரவேண்டும். அந்த நீரின் ஆழமும் மேடும் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை அரசு எழுதி வைக்கவேண்டும்.

ஷராவதி நீரைக் குடிநீராகப் பெங்களூருக்குக் கொண்டுவரும் யோசனை 2019இல் எழுந்தபோது மலைநாடு கொதித்தது. அந்தக் கோபத்தின் காரணம் இப்போது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். அடுத்த முறை அந்தப் பேச்சு எழுந்தால், முதலில் பழைய கடனைத் தீர்க்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)